அழுகுணி அன்ரனின் முழங்கால்கள்

1

ஊரிலிருந்து பேசுகிறவர்கள், "நோர்வேயில வைத்தியமெல்லாம் நல்ல சுகமாமே?" என்று கேட்டால் நான் ஓம் என்றுதான் சொல்வேன். வைத்தியம் சுகம்தான். அதற்குக் காத்திருப்பது தனி வருத்தம். என் கணவருக்கு முழங்கால் மூட்டு மாற்றவேண்டும் என்று வீட்டு வைத்தியர் எழுதினார். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து, "உங்கள் விபரம் கிடைத்தது, இனி இன்னொரு கடிதம் வரும்" என்று ஒரு கடிதம் வந்தது. அந்த இன்னொரு கடிதம் வந்து சேர்வதற்குள் எங்கள் வாசலில் பனி விழுந்து, உருகி, மறுபடியும் விழுந்துவிட்டது. இவர் தடியூன்றி, சப்பாத்துக்கு அடியில் ஆணிப்பட்டி மாட்டிக்கொண்டு, கடைக்கும் வீட்டுக்கும் நண்டு நடப்பதுபோல நடந்துகொண்டிருந்தார்.

ஒருவழியாகப் போன மாதம் மூட்டு வைத்தியரைக் கண்டோம். எங்கள் மகள் ஜெனிதா ஒஸ்லோவிலிருந்து வந்திருந்தாள். சொந்தக்காரர் மொழிபெயர்க்கக் கூடாது என்பது இங்கே சட்டம். ஆகவே ஆஸ்பத்திரி ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் ஒழுங்கு செய்திருந்தது. அன்றைக்குப் பார்த்து அந்தத் தொலைபேசி வேலை செய்யவில்லை. கடைசியில் சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு ஜெனிதாவைத்தான் பேசவிட்டார்கள்.

வைத்தியர் மிகவும் இளம் பெண். எக்ஸ்றே படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஜெனிதாவிடம் ஏதோ கேட்டாள்.

"அப்பா தரைக்கு மாபிள் பதிக்கிற வேலையோ செய்தவர் எண்டு கேக்கிறா," என்றாள் ஜெனிதா.

"மீன் ஃபக்டரி எண்டு சொல்லு. நிண்ட நிலையில வேலை," என்றேன்.

வைத்தியர் தலையை ஆட்டினாள். நின்று தேய்ந்த முழங்கால் வேறு மாதிரி இருக்குமாம். இது கடுமையான தரையில் திரும்பத் திரும்பப் போய் மோதிய முழங்காலாம். "பாதிரியாராய் இருந்தவரோ?" என்று மிக மரியாதையாகக் கேட்டாள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். நான் இந்த நாட்டு மொழியை மீன் வெட்டும் மேசையில் கற்றவள். மீனைப் பற்றி என்ன கேட்டாலும் பிழையில்லாமல் சொல்வேன். மற்றவற்றில் கொஞ்சம் முன்பின்னாகும். "என் கணவர் சனிக்கிழமைகளில் நிறையப் பெண்களுக்கு முன்னால் முழங்காலில் விழுவார். அவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும்," என்று சொல்லிவிட்டேன். வைத்தியர் கணினியைப் பார்த்தாள். ஜெனிதா என்னைப் பார்த்தாள். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

காரில் வரும்போது ஜெனிதா கேட்டாள். "அம்மா, உள்ளுக்கு என்ன கதை கதைச்சனீங்கள்?"

"உண்மையைத்தான் சொன்னனான். கொப்பர் மேடையில விழுந்து விழுந்து பாடினவர்."

"அப்பா பாடினவர் எண்டு தெரியும். சேர்ச்சிலதானே?"

எனக்குக் கோபம் வந்தது. திருகோணமலைத் துறைமுகம் முழுக்க 'அழுகுணி அன்ரன்' என்று கொண்டாடிய ஒரு மனிதனை, அவர் பெற்ற மகள் கோயில் பாட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பிறகு யோசித்தால் பிழை அவளில் மட்டும் இல்லை. இங்கே வந்த புதிதில் அவளுக்குப் புட்டுச் சாப்பிடவும் பெரியவர்கள் வந்தால் எழும்பவும் பழக்கினோம். இதைச் சொல்ல நேரம் இருக்கவில்லை. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. உங்களுக்கு வரும். ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

2

இவர் பாலையூற்றுக்காரர். துறைமுகத்தில் ரலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்குக் கோடு போட்டுக் கணக்கு வைக்கிற உத்தியோகம். வெள்ளைக்காரரின் கடற்படை மூட்டை கட்டிப் போன பிறகும் எங்கள் துறைமுகத்துக்குச் சரக்குக் கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. கோதுமை கொண்டுவந்த ஒரு கப்பலில் சமையல்காரராக ஒரு கறுப்பு அமெரிக்கர் இருந்தாராம். அந்தக் கப்பலின் குசினியில்தான் இவர் முதன்முதலாக அவர்களுடைய, கெஞ்சிக் கதறுகிற 'சோல்' பாட்டைக் கேட்டது. பாடுகிற ஆளுக்கு வயிற்றுவலியாக்கும் என்று முதலில் நினைத்தாராம். கொஞ்ச நேரத்தில் கையிலிருந்த பென்சிலை மறந்துவிட்டார். அன்றைக்கு எத்தனை மூட்டை இறங்கியது என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

அந்தச் சமையல்காரருக்கு நண்டில் ஆசை. இவர் ஒரு சாக்கு நண்டு கொண்டுபோய்க் கொடுத்து இரண்டு இசைத்தட்டுகளை வாங்கி வந்தார். போட்டுக் கேட்க வீட்டில் பெட்டி இல்லை. ஆனால் கிண்ணியாவில் ஹனிபா இருந்தார். கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். கைக்கு அகப்பட்ட எதிலும் தாளம் தட்டுகிறவர். இவருடைய உயிர்ச் சினேகிதர். இரண்டு பேரும் அந்தத் தட்டுகளை ஒரு பகல் முழுக்கப் போட்டுக் கேட்டார்களாம்.

ஹனிபா தீர்ப்புச் சொன்னார். "மச்சான், இது பாட்டில்லடா. ஆரோ கெஞ்சி மண்டாடுறான். ஆனா நல்லா மண்டாடுறான்."

"மண்டாட எனக்கும் தெரியும்," என்றாராம் இவர்.

அது வாய்ச்சவடால் இல்லை. பெரிய வெள்ளிக்கு முந்தின நாற்பது நாளும் கோயிலில் பசாம் பாடி வளர்ந்த தொண்டை அது. ஆண்டவர் பட்ட பாட்டை இழுத்து இழுத்துப் பாடி, வாங்குப் பலகையில் இருக்கிற கிழவர்களையும் மூக்குச் சிந்த வைக்கிற பாட்டு. அந்த இழுவையையும் கப்பல் இசைத்தட்டின் தாளத்தையும் இவர் ஒன்றாகக் கட்டினார். கொழும்பில் அந்த நாளில் பொப் பாட்டு என்றால் பகிடியும் துள்ளலும்தான். இவர் நின்று, கெஞ்சி, குரல் உடைந்து பாடினார். பாட்டையும் தானே எழுதினார். இவர் எழுதியதில் எல்லாருக்கும் பிடித்த பாட்டு இப்படித் தொடங்கும்:

கப்பல் போனால் கரைக்குத் தெரியும்,
நீ போனால் எனக்கெல்லோ தெரியும்.

யாருக்காக எழுதினது என்று ஊரில் பல கதை. அவுஸ்திரேலியாவுக்குப் போன ஒரு பறங்கிப் பெட்டைக்கு என்று ஒரு சாரார் அடித்துச் சொன்னார்கள். பிற்காலத்தில் நான் கேட்டபோது, "சும்மா ஒரு பாட்டடி," என்றார். எந்தப் புருசன் வேறு மாதிரிச் சொல்லுவான்?

3

நான் சம்பூர்க்காரி. பட்டினத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் படிப்பிக்கிற ரீச்சராக இருந்தேன். தையல் மெசின் அறை, துணி அலுமாரி, மேசை லாச்சிகள் எல்லாவற்றின் பூட்டுத் திறப்பும் என் பொறுப்பு. அந்தத் திறப்புக் கோர்வையை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவேன். நான் வருகிறேன் என்று பிள்ளைகளுக்கு இரண்டு அறை தள்ளியே கேட்டுவிடும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் கடற்கரை வெளியில் கார்னிவல். மற்ற ரீச்சர்மாரோடு போய் முன்வரிசையில் இருந்தேன். ஒரு பகிடிக்காரர் வந்து போனார். பிறகு இரவல் கோட்டோடு மெலிந்த ஒருவர் வந்தார். பாடத் தொடங்கினதும் எனக்கு இந்த ஆளில் இரக்கமாகப் போய்விட்டது. என்ன துக்கமோ, இப்படிக் கெஞ்சுகிறாரே என்று இருந்தது. கடைசி அடிக்கு வந்ததும் ஆள் தொப்பென்று முழங்காலில் விழுந்தார். கண் மூடிக்கொண்டது. கை கால் நடுங்கியது.

கப்பல் இசைத்தட்டின் உறையில் அந்தப் பாடகர் அப்படித்தான் முழங்காலில் நிற்கிறார் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் பக்கத்தில் ஒருவர் விழுந்து நடுங்கினால் அது வலிப்பு. வலிப்பு என்றால் உடனே கையில் இரும்பு கொடுக்க வேண்டும்.

"வலிப்பு! இரும்பு குடுங்கோ, இரும்பு!" என்று சனம் எழும்பிவிட்டது. தேத்தண்ணிக் கடைக்காரர் இடுக்கியோடு ஓடி வந்தார். ஒருவர் சைக்கிள் பம்பைக் கழற்றிக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் கிட்ட நின்றது நான்தான். எப்படி ஏறினேன் என்று தெரியாது. மேடையில் ஏறி, அந்த மனிதனின் கையைப் பிரித்து, என் திறப்புக் கோர்வையை வைத்து அமத்தினேன்.

ஆள் ஒரு கண்ணைத் திறந்தார். "தங்கச்சி, எனக்கு ஒண்டுமில்லை. இன்னும் ஒரு அடி பாடக் கிடக்கு."

"வலிப்பு வந்த ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவினம். பேசாமக் கையைப் பொத்துங்கோ," என்றேன்.

பொத்தினார். பொத்தின கையோடேயே மிச்ச அடியையும் பாடினார். அழுகையில் கை நடுங்க நடுங்க, திறப்புகள் கலகலவென்று தாளத்துக்குக் கிலுங்கின. பின்னால் இருந்த ஹனிபா அதைப் பிடித்துக்கொண்டு பொங்கோ மேளத்தில் அடித்தாரே ஓர் அடி! சனம் கத்தினது துறைமுகத்துக்குக் கேட்டிருக்கும். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. திறப்பை வாங்க மறுபடியும் மேடைக்குப் போகவேண்டி வந்தது அதைவிட வெட்கம்.

4

அதற்குப் பிறகு இவர் பாடுகிற இடமெல்லாம் பெண்கள் திறப்புக் கோர்வையோடு வரத் தொடங்கினார்கள். இவர் விழுகிற நேரம் பார்த்து எல்லாரும் கிலுக்குவார்கள். மூதூர், சீனன்குடா, கப்பல்துறை என்று எங்கும் அந்தச் சத்தம்தான். இரும்பில்லாமல் வந்தவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினார்கள் என்றும் கேள்வி.

திறப்பு கொடுத்தவளைத் தேடி இவர் தையல் வகுப்பு வாசலுக்கு வந்தார். சேட்டுக்குப் பொத்தான் வைக்க வேண்டுமாம். நல்லாயிருந்த பொத்தானைத் தானே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார் என்று பார்த்தவுடனே தெரிந்தது. தைத்துக் கொடுத்தேன். அவர்கள் வேதக்காரர், நாங்கள் சைவம். இரண்டு பக்கமும் கொஞ்சக் காலம் முகத்தைத் தூக்கி வைத்திருந்து, பிறகு களைத்துப்போய் இறக்கிவிட்டார்கள். என் அம்மாவுக்கு மட்டும் ஒரு கவலை. "பாடுற மாப்பிள்ளை எண்டாலும் பரவாயில்லைப் பிள்ளை. இது அழுற மாப்பிள்ளையாமே?"

பாலையூற்றில் குடியிருந்தோம். நான் எந்த மேடைக்கும் கூடப் போவேன். எப்போதும் இரண்டாம் வரிசையில் இருப்பேன். முதல் வரிசை ஊர்ப் பெரியவர்களுக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்குப் பின்னேரம் இதுவரையுள்ளதை ஜெனிதாவுக்குச் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்துக் கண் கலங்கிவிட்டாள். பிறகு தொலைபேசியை எடுத்து அப்பாவின் பெயரைத் தேடினாள். எழுத்தை மாற்றி மாற்றித் தேடினாள். ஒன்றும் வரவில்லை. அவளுடைய தொலைபேசிக்குத் தெரியாத எதுவும் உலகத்தில் நடந்ததில்லை.

"ஒரு ரெக்கோர்ட் கூட இல்லையா, அம்மா? ஏன் அப்பா ஒண்டும் செய்யேல்லை?"

அது ஒரு நல்ல கேள்வி. இவர் ஜன்னலோரக் கதிரையில் இருந்து, இந்த ஊர்த் துறைமுகத்துக்குள் மீன்பிடிப் படகுகள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டும் கேட்காத மாதிரி இருக்க இவருக்கு நன்றாகத் தெரியும். நானும் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன்.

5

ஏனென்றால் அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் ஒன்று இருந்தது. இவருடைய பாட்டைக் கெடுத்தது எங்கள் சந்தோசம் என்பதுதான் அது.

நான் சொல்லவில்லை, அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடுகிற ஹனிபா சொன்னார். கலியாணமாகி இரண்டாம் வருசம் ஒருநாள் வீட்டுக்கு வந்து, இவர் குளிக்கப் போன நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, குறை நினைக்கப்படாது. கலியாணம் முடிச்சதுக்குப் பொறகு இவன்ட அழுகையில உப்பில்ல."

"என்ன காக்கா சொல்லுறீங்கள்?"

"விழுறானும் இல்லயே. சும்மா குனிஞ்சு குனிஞ்சு நிமிருறான். சனம் திறப்ப வெச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருக்கு. நீ இவன நல்லா வெச்சிருக்காய். அதுதான் வினை."

எனக்கு ஒரு பக்கம் பெருமை, மறுபக்கம் கவலை. அவர் சொன்னது சரிதான். இவர் விழுவதை விட்டிருந்தார். வேலை முடிந்து வந்தால் குசினி வாசலில் இருந்து நான் தேங்காய் துருவுவதைப் பார்த்து ஏதாவது கோமாளிப் பாட்டுக் கட்டுவார். இப்படிச் சிரித்துக்கொண்டிருக்கிற மனிதன் எங்கே போய் அழுவது? இவருக்கு உயிர் என்றால் அந்தப் பாட்டுத்தான். அதை நான் சமைத்துப் போட்டே கொன்றுவிடுவேனோ என்று பயந்தேன்.

ஆகவே சண்டை பிடிக்கத் தீர்மானித்தேன். மேடை இருக்கிற நாளில் காலையிலேயே தொடங்குவேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்குச் சண்டை பிடிக்க வராது. முதல் சண்டை நூலுக்கு.

"நீல நூல் வாங்கி வாங்கோ எண்டனான். இது என்ன?"

"இதும் நீலம்தானே, தங்கம்?"

"உங்களுக்கு என்னில பட்சம் இருந்தா இந்த நீலத்தை வாங்குவீங்களோ?"

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சண்டை. அன்றைக்குக் கப்பல்துறையில் இவர் விழுந்தார். பலகை அதிர விழுந்தார். திறப்புகள் கிலுங்கின. ஹனிபா காக்கா பொங்கோவுக்குப் பின்னால் இருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பிறகு அது ஒரு ஒழுங்காகிவிட்டது. காக்கா ஆள் மூலம் சொல்லியனுப்புவார்: "வெள்ளிக்கிழமை கிண்ணியாவில. ஒரு சின்னச் சண்டை காணும்." பெரிய மேடை என்றால் வீட்டுச் சண்டை போதாது. சத்தம் போட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு, ஜெற்றிக்குப் போய், கொட்டியாரக் குடாவைக் கடக்கிற மூதூர் லாஞ்ச் ஏறி, சம்பூரில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அன்றைக்கு மட்டும் இவருடைய பாட்டை நான் கேட்க மாட்டேன். மற்றவர்கள் வந்து, "இந்தமுறை என்ன அழுகை!" என்று சொல்லுவதைக் கேட்டுத் திருப்திப்படுவேன். மூன்றாம் நாள் இவர் வந்து கூட்டிக்கொண்டு போவார். அம்மா என்னைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். "இப்பிடி நல்ல மனுசனோட என்னத்துக்கடி கொழுவுறாய்?"

6

எழுபதுகளின் நடுவில் ஒருநாள் ஹனிபா காக்கா மூச்சு வாங்க ஓடி வந்தார். கொழும்பில் பாட்டுகளைப் பதிந்து இசைத்தட்டு வெளியிடுகிற ஒருவர் இவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, வருகிற சனிக்கிழமை இவர் பாடுகிற மண்டபத்துக்கு வருகிறாராம். கேட்டுப் பிடித்தால் கொழும்புக்குக் கூட்டிப் போய்த் தட்டுப் போடுவாராம். இவர் வளவுக்குள் போய்க் கிணற்றுக்கட்டில் இருந்தார்.  இத்தனை வருசப் பாட்டுக்கும் ஒரு தட்டு. மேடை முடிந்த பிறகும் நிற்கிற ஒரு குரல். அதைவிட இவர் வேறொன்றும் கேட்டதில்லை.

"தங்கச்சி, இது சின்னச் சண்டைக்கு அடங்காது," என்றார் காக்கா.

அந்தக் கிழமைதான் எனக்கு நாள் தள்ளிப்போயிருப்பது உறுதியானது. பிள்ளையில்லை, பிள்ளையில்லை என்று ஊர்வாய் கேட்டுக் களைத்த நேரம் அது. சொன்னால் இவர் துள்ளிக் குதிப்பார். வாரக்கணக்கில் சிரிப்பார். பிறகு எந்தக் கொழும்பு ஆளுக்கு முன்னால் அழுவது? சனிக்கிழமை முடியட்டும், அதற்குப் பிறகு சொல்வோம் என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

சண்டை பிடிக்கப் பார்த்தேன். ஏலாமல் போய்விட்டது. கோபத்துக்கு வாயைத் திறந்தால் சிரிப்பு வருகிறது. மசக்கை வேறு. மறைக்கவும் ஏலாது, நடிக்கவும் ஏலாது. வியாழக்கிழமை சோறும் மீன்குழம்பும் ஆக்கி மூடி வைத்துவிட்டு, "அம்மாட்டைப் போட்டு வாறன்," என்று மட்டும் சொல்லிவிட்டு லாஞ்ச் ஏறினேன். சண்டை இல்லாவிட்டாலும், நான் இல்லாத வீடே போதும், இவர் அழுதுவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் சம்பூரில் அம்மா வீட்டு முற்றத்தில் இருந்தேன். இப்போது கோட்டுப் போடுவார், இப்போது காக்கா பொங்கோவை வெயிலில் காயவைப்பார் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் படலையடியில் இவர். மேடைச் சட்டை. கூர்ச் சப்பாத்து இரண்டும் கையில். மூதூரிலிருந்து வாகனமில்லாமல் நடந்தே வந்திருக்கிறார். முகம் வெளிறிப்போய் இருந்தது.

"ஐயோ, இண்டைக்கு மேடையெல்லோ! கொழும்பு ஆள் வந்திருப்பாரே!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"வந்திருப்பார்."

"அப்ப என்னத்துக்கு இஞ்ச வந்தனீங்கள்?"

"நீ சண்டை பிடிக்கேல்லை," என்றார் இவர். "எப்பவும் சண்டை பிடிச்சுப்போட்டுத்தானே போவாய். இந்தமுறை ஒண்டும் சொல்லாமப் போட்டாய்."

 அந்த முற்றத்திலேயே விசயத்தைச் சொன்னேன். இவர் சப்பாத்துகளைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் இருந்துவிட்டார். பிறகு சிரித்தார். அம்மா விளக்கு வைக்க வெளியே வந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

7

கொழும்புக்காரர் அன்றைக்கு மண்டபத்தில் ஒரு பகிடிக்காரரைக் கேட்டுவிட்டுப் போனாராம். திரும்ப வரவில்லை. ஹனிபா காக்கா கொஞ்ச நாள் எங்களோடு கதைக்கவில்லை. ஜெனிதா பிறந்த கிழமை ஒரு நுளம்பு வலையோடு வந்து, தொட்டிலுக்குத் தானே கட்டிவிட்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "நீதானா அந்தக் கொழும்புத் தட்டு?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகும் இவர் மேடைகளில் ஏறினார். பகிடிப் பாட்டுகள் பாடினார், தாலாட்டு எழுதினார். 'கப்பல் போனால்' பாட்டை மட்டும் யார் கேட்டாலும் தொண்டை சரியில்லை என்பார். பிறகு காலம் கெட்டது. எண்பதுகள் தொடங்கும்போது பின்னேரத்தில் வெளியே போகவே பயம் என்றாகிவிட்டது. பாட்டுக்கு யார் வருவார்கள்? இவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் முதலே இங்கே வந்திருந்தார். அவர் கூப்பிட, ஐந்து வயது ஜெனிதாவோடு நாங்களும் வந்து சேர்ந்தோம். மீன் ஃபக்டரியில் மெசின் இரைச்சலுக்கு யாரும் பாட ஏலாது. காக்கா கண்ணை மூடிய செய்தியை இங்கேதான் கேட்டோம். இவர் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

இந்த மிச்சத்தையெல்லாம் சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் மத்தியானம், மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது ஜெனிதாவுக்குச் சொல்லி முடித்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். ஐம்பது வயதை எட்டுகிற பெண், சின்னப்பிள்ளை முகத்தோடு கேட்டாள்.

"அப்ப என்னாலதானா அப்பான்ர பாட்டு நிண்டது?"

 இவ்வளவு காலமும் நானும் அப்படித்தானே நினைத்திருந்தேன்? எங்கள் சந்தோசத்துக்கும் அவளுக்கும் விலையாக அந்தப் பாட்டைக் கொடுத்தார் என்று.

இவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "கொம்மாவுக்கு விசர். ஹனிபாவுக்கும் விசர். கலியாணம் கட்டினதால நான் விழாம விட்டனானோ? எனக்கு முழங்கால் நோ. பலகையில விழுந்து விழுந்து அப்பவே வீங்கிப்போச்சு. அழுகுணி அன்ரனுக்கு முழங்கால் நோ எண்டு ஆருக்குச் சொல்லுறது? வெட்கக்கேடு."

"அப்ப நான் சண்டை பிடிச்ச நாளில மட்டும் விழுந்தீங்களே?" என்றேன்.

"நீ பிடிச்ச சண்டை! 'நீல நூல்' எண்டு கத்திப்போட்டு, குசினிக்குள்ள போய் எனக்கு முட்டை பொரிச்சு வைப்பாய். முதல் நாளே விளங்கிட்டுது, நீயும் ஹனிபாவும் சேர்ந்து செய்யிற வேலை எண்டு. இவள் இவ்வளவு கஸ்ரப்படுறாளே, விழாட்டிப் பாவம் எண்டு நோவோட விழுந்தனான்."

ஜெனிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிக்கவும் ஏலவில்லை, கோபிக்கவும் ஏலவில்லை. எத்தனை சனிக்கிழமை இந்த மனிதனின் பாட்டைக் கேட்காமல் லாஞ்சில் போய்க் குந்தியிருந்தேன்!

"அப்ப சந்தோசம் ஒண்டும் கெடுக்கேல்லையெண்டால், பிறகு ஏன் அந்தப் பாட்டைப் பாடேல்லை?" என்று கேட்டேன். இத்தனை வருசத்தில் நான் நேராக அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இவர் தண்ணீர்க் கிளாசை ஓரமாகத் தள்ளி வைத்தார். 

"அண்டைக்கு லாஞ்சில வரேக்க," என்றார், "நீ உண்மையா விட்டுட்டுப் போட்டாய் எண்டுதான் நினைச்சனான். என்ன பிழை விட்டனான் எண்டும் தெரியேல்லை. அந்தப் பாட்டை எனக்குள்ள சொல்லிப் பாத்தனான். கொட்டியாரக் குடா முழுக்கச் சொல்லிப் பாத்தனான், தங்கம். ஒரு சொல்லு வரேல்லை. கரையும் கப்பலும், என்ன விசர்க்கதை எண்டு கிடந்தது."

பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நீ இரண்டாம் வரிசையில இருந்தபடியாத்தான் நான் அழுதனான். நீ அம்மாட்டை இருந்தாலும், மூண்டாம் நாள் வந்திடுவாய் எண்டு தெரிஞ்சபடியாத்தான் அழுதனான். நீ இருக்கிறாய் எண்டால்தான் நீ போட்டாய் எண்டு பாட ஏலும். உண்மையாப் போனா எப்பிடி இருக்கும் எண்டு அந்த லாஞ்சில ஒருக்கா பாத்திட்டன். அதுக்குப் பிறகு அதைப் பாடப் பயம்."

நான் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன். எனக்கு அழுகையாக வந்தது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் இவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவர் மட்டும் கதவு வரைக்கும் வரலாம் என்று தாதி சொன்னாள். ஜெனிதா என்னை முன்னால் விட்டாள். கதவடியில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இதில இருப்பாய்தானே?" என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். கதவு மூடிக்கொண்டது.

சுவரோரமாக ஒரு கதிரை கிடந்தது. இருந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஜெனிதாவும் வந்து தோளில் தொட்டாள்.

"அம்மா, கன நேரம் செல்லுமாம். வாங்கோ, கீழ போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வருவம்."

"நீ போட்டு வா, பிள்ளை," என்றேன். "நான் கொப்பருக்குச் சொல்லாம எங்கயும் போறேல்லை."